கையடக்கக் குறிப்பேட்டிலிருந்து கணினிக்கு: ஒரு பழைய கருவியும் தமிழ்ச் சொற்காப்பும்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். மொழியியல் பயின்றவர் ஒலியனைப் பற்றியோ சொற்பிறப்பைப் பற்றியோ பேசுவார் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாமோ இருபத்தைந்து ஆண்டுப் பழமையுடைய ஒரு சிறு கருவியை மேசைமீது வைத்திருக்கிறோம். அதனை இன்றும் இயங்கச் செய்வது எவ்வாறு, அதனுள் இருப்பதை இன்றைய கணினிக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பன பற்றியே பேசப்போகிறோம். இக்கருவிக்குள் தோட்டப்புற முதியவர்கள் வாய்மொழியாக நமக்குத் தந்த சொற்கள் இருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. எனவே இது கருவியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. சொல்லைக் காப்பது பற்றிய பேச்சுமாகும்.

1. கருவியின் வரலாறு

உள்ளங்கையில் அடங்கும் மின்குறிப்பேடுகள் பலவற்றுள் பெரும்புகழ் பெற்றது 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த பைலட் என்னும் கருவி. ஜெஃப் ஹாக்கின்ஸ், டோனா டுபின்ஸ்கி, எட் கோலிகன் ஆகியோர் முன்னின்று நடத்திய பாம் நிறுவனம் அதனை உருவாக்கியது. வடிவமைப்புக் காலத்தில் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எவரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால் அக்கட்டையை எடுத்து, அதில் எழுதுவதுபோல் நடித்துப் பார்ப்பார். கருவியின் அளவு கைக்கும் பைக்கும் பொருந்துகிறதா என்பதை அவ்வாறே அவர் கண்டறிந்தார்.

நாம் வாங்கியது 1999இல் வெளிவந்த பாம் த்ரீ-எக்ஸ் என்னும் வகை. அதன் நினைவகம் 4 மெகாபைட். திரை குறுக்கும் நெடுக்குமாக 160 புள்ளிகள். ஆற்றல் தருவன இரண்டு ட்ரிபிள் ஏ மின்கலங்கள். நாட்குறிப்பு, முகவரி, செயற்பட்டியல், குறிப்பேடு ஆகிய நான்கே அதன் முதன்மைப் பணிகள். பொத்தானை அழுத்திய நொடியிலேயே திரை விழித்துக்கொள்ளும். ஒரு முதியவர் ஒரு சொல்லைச் சொல்லி வாய்மூடுமுன் அதனை எழுதிவிடலாம். களப்பணியாளருக்கு வேறென்ன வேண்டும்?

எழுதும் முறையைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். திரையின் கீழ்ப்பகுதியில் கோலால் எழுதினால் கருவி அறிந்துகொள்ளும். ஆனால் நாம் எழுதும் எழுத்தை அது அறியாது. கிராஃபிட்டி என்னும் தனி எழுத்து முறையை நாம்தான் கற்கவேண்டும். ஏறத்தாழ ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் ஒரே இழுப்பில் முடியும்படி அமைந்திருந்தது. பெரிய எழுத்து வேண்டுமானால் முதலில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் பின்னரே எழுத்தை எழுதவேண்டும். இந்த ஒரு கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வந்த இடர்ப்பாடுகளுள் பாதிக்கு இதுவே காரணமாயிற்று.

2. அதனுள் இருந்தவை

2000ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுக் காலம், விடுமுறைதோறும் மலேசியத் தோட்டப்புறங்களுக்குச் சென்று சொற்களைத் திரட்டினோம். பால்மரங்கள் அழிந்து செம்பனை நிரைகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. தொழில் மாறினால் தொழிற்சொல்லும் மறையும். காலையில் வருகைக் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் வடியும் மங்கு, மங்கில் உறைந்த கட்டிப்பால், மரப்பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, குடியிருந்த லயம், மேற்பார்த்த கங்காணி, தண்டல், கணக்கெழுதிய கிராணி ஆகிய சொற்களை அறியாத தோட்டப்பிள்ளை அன்று இல்லை. இன்று நம் மாணவர்களுள் எத்தனை பேர் இவற்றுக்குப் பொருள் கூறுவர் என்பதை ஆசிரியர்களே அறிவீர்கள். மங்கு என்பது மலாய்மொழியின் மங்கோக் என்னும் சொல்லோடு உறவுடையது. இவ்வாறு ஒவ்வொரு சொல்லும் நம் முன்னோர் யாரோடு வாழ்ந்தனர், எதனால் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

ஒரு சொல்லுக்கு ஒரு குறிப்பு என ஏறத்தாழ 3,000 குறிப்புகளை எழுதினோம். அவற்றைக் கருவி அனுமதித்த வகைப்பாட்டின்படி தொழில், உணவு, உறவு, நோய், வழிபாடு எனப் பிரித்தோம்.

ஆயின் அக்கருவிக்குத் தமிழ் தெரியாது. மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய எழுத்துகளையே அது கொண்டிருந்தது. அன்று கணினித் தமிழும் ஒருமுகப்படவில்லை. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு, 1999இல் சென்னையில் நடந்த மாநாடு, 2000இல் மீண்டும் சிங்கப்பூர், 2001இல் கோலாலம்பூர் என அறிஞர்கள் கூடிக் கூடிப் பேசியது இக்குறையைத் தீர்ப்பதற்காகவே. திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. ஒருங்குறி பரவலாக ஊன்றுவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. எனவே நாம் ஆங்கில எழுத்தாலேயே தமிழை எழுதினோம். சிறிய எழுத்து குறிலுக்கு, பெரிய எழுத்து நெடிலுக்கு. சிறிய எல் லகரத்துக்கு, பெரிய எல் ளகரத்துக்கு, இசட் ழகரத்துக்கு. சிறிய என் நகர னகரங்களுக்கு, பெரிய என் ணகரத்துக்கு. விதி தெளிவானது. எழுதிய கையோ எப்போதும் விதிப்படி நடக்கவில்லை.

3. ஒத்திசைவு என்பது யாது?

இக்கருவியோடு ஒரு தொட்டில் வரும். கருவியை அதில் அமர்த்திப் பொத்தானை அழுத்தினால், கருவியிலும் கணினியிலும் உள்ளவை ஒத்திசையும். இதனை வெறும் நகலெடுப்பு எனக் கொள்ளலாகாது. இருபுறமும் நிகழ்ந்த மாற்றங்களை ஒப்பிட்டு இணக்குவதே ஒத்திசைவு.

ஒவ்வொரு பதிவுக்கும் கருவி ஒரு தனி எண்ணை வழங்குகிறது. அப்பதிவு திருத்தப்பட்டால் 'மாறியது' என ஒரு குறியும், அழிக்கப்பட்டால் 'நீக்கத்துக்குரியது' என ஒரு குறியும் அதனோடு சேரும். சென்ற முறை ஒத்திசைந்த அதே கணினியாயின், குறியிட்ட பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும். வேலை விரைவில் முடியும். வேறு கணினியாயின் அக்குறிகளை நம்ப இயலாது. எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடவேண்டும். ஒரே பதிவை இருபுறமும் வெவ்வேறாகத் திருத்தியிருந்தால் கருவி எதனையும் விலக்குவதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்கிறது. எது சரியென்று முடிவு செய்வது மனிதரின் கடமை. பாடவேறுபாடுகளைக் காட்டிப் பதிப்பிக்கும் நல்ல பதிப்பாசிரியரின் நெறியும் இதுவே.

4. நாம் செய்த பிழை

இத்தனையும் அறிந்திருந்தும் ஒரு முறை தவறினோம். அக்கருவியின் நினைவகம் மின்கலத்தை நம்பி வாழ்வது. கலங்களை மாற்றும்போது உள்ளே இருக்கும் ஒரு சிறு மின்தேக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் மட்டுமே அதனைக் காக்கும். நாம் ஒரு நெடும்பயணம் சென்று திரும்பியபோது மேசை இழுப்பறையில் கிடந்த கருவியின் கலங்கள் முற்றும் தீர்ந்திருந்தன. புதிய கலங்களை இட்டோம். கருவி விழித்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

அஞ்சவில்லை, கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே என்று எண்ணினோம். ஒத்திசைவு மென்பொருளில் சில தெரிவுகள் உண்டு. இருபுறமும் இணக்குக என்பது ஒன்று. கணினியிலுள்ளதைக் கருவிமேல் எழுதுக என்பது மற்றொன்று. கருவியிலுள்ளதைக் கணினிமேல் எழுதுக என்பது மூன்றாவது. இரண்டாவதைத் தெரிய வேண்டிய இடத்தில் மூன்றாவதைத் தெரிந்துவிட்டோம். வெறுமை ஒழுங்காகக் கணினிக்குச் சென்று சேர்ந்தது. பதற்றத்தில் மீண்டும் ஒரு முறை பொத்தானை அழுத்த, மென்பொருள் வைத்திருந்த முந்தைய நகலும் போயிற்று.

நான்கு மாதங்களுக்கு முன்னர் ஒரு குறுந்தகட்டில் எடுத்த படி இருந்தது. அதனால் பெரும்பகுதி மீண்டது. அந்நான்கு மாதங்களில் திரட்டியவை மீளவில்லை. ஆயாக்கொட்டகையில் பணிபுரிந்த இரு மூதாட்டியர் குழந்தை நோய்களுக்கும் கைமருந்துகளுக்கும் வழங்கிய சொற்கள் அவற்றுள் அடங்கும். மீண்டும் சென்று கேட்கலாம் என்று எண்ணியிருந்தோம். அடுத்த விடுமுறையில் சென்றபோது ஒருவர் காலமாகியிருந்தார். மற்றவர் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தார். எந்த ஊர் என்பதை அங்கு எவரும் அறிந்திலர். இப்பிழை கருவியினுடையதன்று, நம்முடையது.

5. இன்று இயங்கச் செய்யும் வழி

பழைய கருவியை வைத்திருப்போர் இன்றும் உளர். அவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்குக் கூறுகிறோம்.

முதலாவது, உடலைப் பேணுதல். பயன்படுத்தாத காலத்தில் கலங்கள் கசிந்து இணைப்புத் தகடுகளை அரிக்கும். எனவே உள்ளிருப்பதைப் படியெடுத்த பின்னர்க் கலங்களை வெளியே எடுத்துவைக்க வேண்டும். படியெடுக்குமுன் எடுக்கலாகாது. மின்தேக்கியும் மூப்பெய்தும்; ஆதலால் ஒரு நிமிடம் காக்கும் என்பதை இன்று நம்பவேண்டா. கருவி உறைந்து நின்றால் பின்புறத் துளையில் மெல்லிய ஊசியால் அழுத்தினால் மீளத் தொடங்கும், தரவு அழியாது. ஆற்றல் பொத்தானைப் பிடித்தவாறே அத்துளையை அழுத்தினால் அனைத்தையும் அழிக்கும் வாயில் திறக்கும். இரண்டும் ஒரே துளைதான், கைப்பழக்கத்தில்தான் வேறுபாடு.

இரண்டாவது, இணைப்பு. த்ரீ-எக்ஸ் போன்ற கருவிகளின் தொட்டில், ஒன்பது ஊசிகள் கொண்ட தொடர்முனையில் பொருந்துவது. இன்றைய மடிக்கணினிகளில் அம்முனை இல்லை. யுஎஸ்பி முனையைத் தொடர்முனையாக மாற்றும் பொருத்தி ஒன்றை வாங்கினால் போதும். தொடக்கத்தில் குறைந்த வேகத்தில் இணைப்பது நன்று. வேகத்தைக் கூட்டினால் சில பொருத்திகளில் இணைப்பு இடையில் அறும். பின்னர் வந்த வகைகள் நேரே யுஎஸ்பியில் இணைவன. அவை எளியன போலத் தோன்றினும், 64 பிட் விண்டோசுக்குரிய யுஎஸ்பி இயக்கியை நிறுவனம் வெளியிடவில்லை. ஆகவே பழைய தொடர்முனைக் கருவியை இணைப்பதே சில வேளைகளில் எளிதாகிறது.

மூன்றாவது, மென்பொருள். நிறுவனம் தந்த மென்பொருள் பழைய இயங்குதளங்களுக்கு உரியது. அதனை விரும்புவோர் இன்றைய கணினிக்குள்ளேயே மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி இயக்கலாம். நாம் கண்ட நல்ல வழி வேறு. லினக்சில் இயங்கும் பைலட்-லிங்க் என்னும் கட்டற்ற மென்பொருள், கருவியிலுள்ள எல்லாக் கோப்புகளையும் அப்படியே படியெடுத்துத் தரும். ஜே-பைலட் என்னும் மற்றொன்று நாட்குறிப்பையும் குறிப்பேட்டையும் திரையில் காட்டி ஒத்திசைக்கவும் உதவும். கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் எவர்க்கும் கிடைப்பதால், ஆர்வலர் சிலர் இருக்கும்வரை அது வாழும். பாம் நிறுவனத்தை 2010இல் எச்பி நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே பாம் வழிவந்த கருவிகளின் உற்பத்தி நின்றது. கருவிகளைச் செய்தவர் கைவிட்ட பின்னும் அவற்றைத் தொடர்ந்து இயங்கச் செய்தவர்கள் பயனாளர்களே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கருவியின் நாட்காட்டி, ஆண்டைக் குறிக்க ஏழு இருமக் கூறுகளையே கொண்டது. 1904இல் தொடங்கும் அக்கணக்கு 2031உடன் முடிகிறது. எவ்வளவு நன்றாகப் பேணினாலும் இக்கருவியின் நாட்குறிப்பு 2031 திசம்பர் 31ஐத் தாண்டாது. கருவி ஒருநாள் நிற்கும் என்பதை அறிந்தே அதனைப் பேணுகிறோம்.

6. எழுத்தை மீட்டல்

கோப்பைக் கணினிக்குக் கொண்டுவந்ததும் பணி முடிந்தது என எண்ணினோம். உண்மையில் அங்குதான் மொழியியற் பணி தொடங்கிற்று. ஆங்கில எழுத்தில் இருந்ததைத் தமிழ் ஒருங்குறிக்கு மாற்றவேண்டும்.

சிலவற்றை இலக்கணமே தீர்த்துவைத்தது. நகரத்துக்கும் னகரத்துக்கும் நாம் ஒரே எழுத்தை இட்டிருந்தோம். ஆயினும் குழப்பம் இல்லை. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் நகரம் வரும். ஏனைய இடங்களில் னகரம் வரும். ஒன்று வருமிடத்தில் மற்றொன்று வாராது என்னும் இவ்விதியை நிரலாக எழுதினால் கணினியே பெரும்பாலானவற்றைச் சரியாக மாற்றிவிடும். முந்நூறு, அநியாயம் போன்றவற்றில் மட்டும் விதி வழுவும். மூன்று நூறாகிய முந்நூறும், முற்பட்ட நூறாகிய முன்னூறும் எழுத்தில் வேறு, பொருளில் வேறு. இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டுக் கையால் திருத்தினோம். வகுப்பில் இவ்விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டென மாணவர்க்குக் காட்டலாம்.

இலக்கணம் தீர்க்க இயலாதவை குறில் நெடில், லகர ளகரம் ஆகியவை. பெரிய எழுத்துக்கு முன் ஒரு மேற்கோடு இழுக்கவேண்டும் என்றோமல்லவா? முதியவர் விரைந்து பேசும்போது அக்கோட்டை விட்டுவிட்டோம். அதனால் நெடில் குறிலாயிற்று, ளகரம் லகரமாயிற்று. பொருட்குறிப்பு எழுதியிருந்த இடங்களில் சிக்கல் இல்லை. எழுதாத இடங்களில்?

ஒரு பதிவைக் கூறுகிறோம். வகை: தொழில். சொல்: 'கொட்டு' என்றும் படிக்கலாம், 'கோட்டு' என்றும் படிக்கலாம். பொருட்குறிப்பு இல்லை. கொட்டு என்றால் அழைப்பொலி ஏதேனும் ஒன்றாகலாம். கோட்டு என்றால் பட்டையில் கத்தி இட்ட கோட்டோடு தொடர்புடையதாகலாம். சொன்னவர் ஐம்பதாண்டு பால் வெட்டியவர். அவரது குரல் நம் நினைவில் இருக்கிறது. அவ்வுயிரின் நீளம் நினைவில் இல்லை. ஒரு மேற்கோடு இழுக்க அரை நொடி ஆகியிருக்கும். அப்பதிவை இன்றும் ஐயக்குறியோடு இரு வடிவிலும் வைத்திருக்கிறோம்.

மற்றொரு பாடமும் கிடைத்தது. ஆங்கில எழுத்தில் நாம் குறித்திருந்த சில ஒலிநுட்பங்கள் தமிழ் எழுத்தில் மறைந்தன. வல்லெழுத்து ஓரிடத்தில் அதிர்ந்தொலித்ததா, அதிராது ஒலித்ததா என்பதைத் தமிழெழுத்துக் காட்டாது. சொல்லிறுதி உயிர் மூக்கொலி பெற்றதைச் சிறப்புக்குறியால் காட்டியிருந்தோம். 'மரம்' என மாற்றியதும் அக்குறிப்புப் போயிற்று. பேச்சில் மயங்கி ஒலிக்கும் ரகர றகரங்களைப் பிரித்து எழுதுவதே ஒருவகை விளக்கந்தான். ஆகவே மாற்றிய வடிவத்தின் பக்கத்தில் பழைய வடிவத்தையும் வைத்தோம். திருத்தம் என்பது மூலத்தை அழிப்பதாகிவிடக் கூடாது.

7. ஓலையும் கருவியும்

ஆங்கிலத்தில் பாம் என்னும் சொல்லுக்கு உள்ளங்கை என்றும் பனை என்றும் இருபொருள் உண்டு. கருவிக்குப் பெயரிட்டவர்கள் கையை நினைத்தனர். நமக்கோ பனையே நினைவுக்கு வந்தது.

ஓலையில் புள்ளி இட்டால் ஏடு கிழியும் என்று பெரும்பாலான ஏட்டெழுத்தர் புள்ளியை விட்டனர். எகர ஒகரக் குறில் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஏட்டில் புள்ளி இல்லாததால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றாகத் தோன்றின. பின்னாளில் ஏடுகளைப் படித்துப் பதிப்பித்த அறிஞர்கள் ஒவ்வோரிடத்திலும் நின்று, குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என ஆராய வேண்டியதாயிற்று. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கப் பட்ட பாட்டில் இத்தகைய உழைப்பும் அடங்கும். எழுதுபொருளின் இயல்புக்கு அடங்கி அவர்கள் புள்ளியை விட்டனர். கருவியின் இயல்புக்கு அடங்கி நாம் மேற்கோட்டை விட்டோம். கல்வி கற்று, முனைவர் பட்டமும் பெற்று, அதே இடத்தில் அதே தடுமாற்றத்துக்கு ஆளானோம்.

ஏட்டைக் காத்த முறையும் நமக்கு வழிகாட்டும். ஓர் ஓலை என்றும் வாழும் என எவரும் நம்பவில்லை. அது சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதாத நூல் மறைந்தது. மின்கருவிக்கும் இதுவே விதி. வேறுபாடு ஒன்றே: ஓலைக்கு இருந்த வாழ்நாளில் கால்பங்குகூடக் கருவிக்கு இல்லை.

8. முடிவுரை

மாணவர்களுக்குச் சில கூறி முடிக்கிறோம். இன்று உங்கள் கைப்பேசியில் தமிழை நேரே எழுதலாம். பாட்டியின் குரலைப் பதியலாம். நாம் பெறாத வாய்ப்பு அது. சொல்லைக் குறிக்கும்போது பொருளையும், சொன்னவரையும், ஊரையும், நாளையும் உடன் குறியுங்கள். ஒரே இடத்தில் வைக்காது மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். எந்தக் கருவியிலும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாகவும் ஒரு படி வைத்திருங்கள். 'மேலெழுதுக' என்னும் சொல்லைத் திரையில் கண்டால், கையை எடுத்துவிட்டு ஒரு முறை மூச்சுவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நும் பள்ளி அலமாரிகளில் பழைய நெகிழ்வட்டுகள், குறுந்தகடுகள், பெயரறியாத எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆண்டுமலர்கள் கிடக்கலாம். அவை பயனற்றவை எனக் கழிக்குமுன் ஒரு நாள் ஒதுக்கித் திறந்துபாருங்கள். திறக்க இயலாவிடில், இயன்றவரிடம் கொடுங்கள்.

இம்மேசைமீதுள்ள கருவியை இன்று காலையிலும் தொட்டிலில் அமர்த்தி ஒத்திசைத்தோம். தொழில் என்னும் வகையில் அந்த ஐயக்குறியிட்ட பதிவு இன்னும் இருக்கிறது. இவ்வவையில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர் பலர் இருக்கிறீர்கள். பால்வெட்டுத் தொழிலில் கொட்டு என்றோ கோட்டு என்றோ ஒரு சொல் வழங்கக் கேட்டவர் எவரேனும் இருப்பின், பொழிவு முடிந்ததும் நம்மிடம் வந்து கூறுங்கள். எழுதிக்கொள்ளக் காத்திருக்கிறோம், இம்முறை மேற்கோட்டை விடமாட்டோம்.